எர்த் ஹவருக்காக மெயின் சுவிட்சை இறக்கிய இரவு

மார்ச் மாதம் நெருங்கும்போது கொண்டோமினிய வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒருவர் கேட்பார்: "இந்த வருஷம் நம்ம பிளாக்கிலும் எர்த் ஹவர் செய்யலாமா?" பூமிக்காக ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் அந்த நிகழ்ச்சியைச் செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் தேதி குறிப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 2024 மார்ச் 23, சனிக்கிழமை, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் 18 மாடிக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் விளக்கணைக்கப் போனதில் 1,833 ரிங்கிட் 70 சென் செலவானது. ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு வீங்கியது. அதன்பின் மூன்று வாரம் ஜேஎம்பி (கட்டடக் கூட்டு நிர்வாக அமைப்பு) கமிட்டிக்கும் குடியிருப்பாளர்களுக்கும் பதில் சொல்வதிலேயே போனது. எந்த சுவிட்சைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் இதில் பாதிக்கு மேல் நடந்தே இருக்காது.

எர்த் ஹவர் 2007 மார்ச் 31 அன்று சிட்னியில் தொடங்கியது. மலேசியாவுக்கு 2009-இல் வந்தது. இரவு 8:30 முதல் 9:30 வரை, அந்தந்த நாட்டின் நேரப்படி. வழக்கமாக மார்ச் மாதக் கடைசி சனிக்கிழமை. 2024-இல் ஈஸ்டர் வார இறுதியோடு மோதியதால் ஒரு வாரம் முன்னுக்கு வந்தது. இரட்டைக் கோபுரமும் கேஎல் டவரும் இருளும்போது எங்கள் மாடிகளிலிருந்து அது தெரியும். பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது அந்த ஒரு காட்சியில் ஏறும் என்று இன்றும் நம்புகிறேன். அதனால்தான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

தேதியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் எர்த் ஹவர் நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. கோலாலம்பூரில் மார்ச் கடைசியில் இஷா தொழுகை நேரம் கிட்டத்தட்ட 8:30. அதை ஒட்டி தராவீஹ் தொழுகை. கட்டடத்துக்குள் சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) இருந்தால் அதன் லைன் எந்த மின் போர்டிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் சூராவ் வேறு போர்டில் இருந்ததை முன்பே உறுதி செய்து, அங்குள்ள பெரியவர்களிடமும் பேசியிருந்தோம். அன்றிரவு சரியாக நடந்த ஒரே விஷயம் அதுதான்.

தயாரிப்பு என்று நான் நினைத்தது விளக்குகளை எண்ணியதை மட்டும். முகப்பு விளக்குகள் 100 வாட்டில் 32, அதாவது 3.2 கிலோவாட். தோட்டத்தில் 0.6. மூன்று தளப் பார்க்கிங்கில் 18 வாட் எல்இடி டியூப் 180, சுமார் 3.2. வராந்தாக்களில் 3. விளையாட்டுத் தளத்தில் 400 வாட் மெட்டல் ஹாலைடு நான்கு, 1.6. மொத்தம் 11.6 கிலோவாட். நான்கு மொழிகளில் அறிவிப்பு அச்சடித்து லிஃப்ட்டில் ஒட்டினோம். எந்த விளக்கு எந்த எம்சிபியில் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) ஓடுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. டிபி (மின் பகிர்வுப் பெட்டி) கதவுக்குள் இருந்த அட்டவணை கட்டடம் கட்டிய காலத்தது. பாதி எழுத்து மங்கிப் போயிருந்தது.

அன்று மாலை பராமரிப்புக் காண்டிராக்டர் அனுப்பிய ஆள் எங்கள் கட்டடத்துக்குப் புதியவர். "லைட் எல்லாத்தையும் அணைக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 8:30-க்கு அவர் தனித்தனி விளக்கு சர்க்கிட்டுகளைத் தேடவில்லை. பொதுப்பகுதிப் போர்டின் மெயின் சுவிட்சையே இறக்கினார், அறையைப் பூட்டினார், சாவியோடு சாப்பிடப் போய்விட்டார். லிஃப்டும் தீயணைப்புப் பம்பும் தனிப் போர்டில் இருந்ததால் தப்பித்தன. மற்றதெல்லாம் போனது: படிக்கட்டு, பார்க்கிங், கூரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகள், ஜிம் ஏர்கான், நீச்சல்குளப் பம்பு, பார்க்கிங்கின் காற்றோட்ட விசிறிகள், டைமர்கள்.

எனக்கு உடனே புரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கட்டில் வெளிச்சம் இருந்தது. அதனால் படிக்கட்டு லைன் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எரிந்தவை பேட்டரியில் ஓடும் அவசர விளக்குகள். பார்க்கிங்கிலிருந்து ஜாகா (காவலாளி) ஓடி வந்து "கீழ ரொம்ப இருட்டா இருக்குண்ணே" என்று சொன்ன பிறகுதான் சுவிட்ச் ரூமுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. அந்த ஆளின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சனிக்கிழமை இரவு என்பதால் மேனேஜ்மென்ட் ஆபீஸும் மூடியிருந்தது. மாற்றுச் சாவி அதற்குள். கமிட்டித் தலைவர் ஊரில் இல்லை. பூட்டிய கதவுக்கு முன் தனியாக நின்ற அந்த நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. இரண்டு ஜாகாக்களையும் டார்ச்சோடு பார்க்கிங் சரிவுக்கு அனுப்பினேன். முகப்பு வாசலை விட்டுவிட்டேன்.

8:50 இருக்கும். வாடகைக் காரிலிருந்து இறங்கிய ஒரு பாட்டி, வாசலில் இருக்கும் ஒற்றைப் படியைப் பார்க்காமல் காலை வைத்து விழுந்தார். பகலில் யார் கண்ணிலும் படாத, நான்கு விரல் உயரப் படி. பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் தரையில் உருண்டன. நான் குனிந்து, "பாட்டிம்மா, கையை அசைக்க முடியுதா?" என்று கேட்டேன். "கை கெடக்கட்டும்யா, வெளிச்சம் எப்ப வரும்? மேல தாத்தா தனியா இருக்காரு" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. கிளினிக் செலவு 185 ரிங்கிட். அந்த ஒரு கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. விழிப்புணர்வுக்காக இருட்டாக்குகிறோம் என்றால், அந்த இருட்டில் நடக்கப் போகிறவர் யார் என்பதை முதலில் யோசித்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் குறிப்பு: மெயின் சுவிட்ச் பக்கமே போகக்கூடாது. சர்க்கிட் சர்க்கிட்டாக மட்டும் அணைக்க வேண்டும். படிக்கட்டு, 'கெலுவார்' (வெளியேறும் வழி) பலகைகள், பார்க்கிங் சரிவு, வாசல் படி, லிஃப்ட் முகப்பு, ஜாகா சாவடி, சிசிடிவி, கூரை உச்சியில் விமானங்களுக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு, இவை எதையும் தொடக்கூடாது. நீச்சல்குளத்தில் விளக்கை அணைப்பதானால் குளத்தைப் பூட்டிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். சுவிட்ச் ரூம் சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று நிகழ்ச்சியை நடத்துபவரின் கையில். சுவிட்சை இயக்குபவர் உரிமம் உள்ள வயர்மேனாகவோ, 11 கிலோவோல்ட்டில் மின்சாரம் வாங்கும் கட்டடமானால் அந்த இடத்தைத் தெரிந்த சார்ஜ்மேனாகவோ (மின் அமைப்பை இயக்கத் தகுதிச் சான்று பெற்றவர்) இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் அவர் போர்டின் முன்னாலேயே நிற்க வேண்டும்.

அவசர விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் கவனிப்பதில்லை. படிக்கட்டில் இருக்கும் அந்த சின்னப் பெட்டிகள் எப்போதும் கரண்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கரண்டு நின்ற நொடியில் பேட்டரியில் எரியும். பெரும்பாலும் அவை அந்தத் தளத்தின் விளக்கு சர்க்கிட்டிலிருந்தே ஊட்டம் பெறும். அதனால் படிக்கட்டு விளக்கை எம்சிபியில் அணைத்தால் அவை "கரண்டு போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு பேட்டரியைச் செலவழிக்கத் தொடங்கும். எர்த் ஹவர் முடியும்போது பேட்டரி பெருமளவு தீர்ந்திருக்கும். மறுபடி முழுதாக ஏற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளுக்குள் உண்மையாகவே தீயோ மின்தடையோ வந்தால் படிக்கட்டு கும்மிருட்டு. எங்கள் 64 விளக்குகளில் 23 பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. நிக்கல் காட்மியம் பேட்டரிகள் எப்போதோ செத்திருந்தன. சிவப்புக் காட்டி விளக்கு எரிகிறது என்பதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது; சார்ஜருக்குக் கரண்டு வருகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். பெட்டியின் அடியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். 23 பேட்டரிகளை மாற்ற ஆன 644 ரிங்கிட்டை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. அது முன்பே செய்திருக்க வேண்டிய செலவு.

9:30-க்கு அந்த ஆள் திரும்பி வந்து மெயினை ஏற்றினார். மேலே மாடிகளில் கைதட்டல் கேட்டது. பார்க்கிங் மட்டும் இருட்டாகவே இருந்தது. இரண்டு எம்சிபிகள் உடனே விழுந்தன. மீண்டும் ஏற்றினால் மீண்டும் விழுந்தன. காரணம் பிறகுதான் தெரிந்தது. 18 வாட் எல்இடி டியூப் ஓடும்போது 0.08 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில், ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, அதன் டிரைவரில் (டியூபுக்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) இருக்கும் கெப்பாசிட்டர் பல ஆம்பியரை ஒரே இழுப்பில் உறிஞ்சும். அப்படி 40, 50 டியூப் ஒரே சர்க்கிட்டில் ஒரே கணத்தில் இழுத்தால், 30 முதல் 50 ஆம்பியருக்குள் உடனடியாக விழும்படி செய்யப்பட்ட 10 ஆம்பியர் பி வகை எம்சிபி விழத்தான் செய்யும். தினமும் ஏன் விழவில்லை என்றால், தரைக்கீழ் பார்க்கிங் விளக்குகள் ஆண்டு முழுக்க அணைவதே இல்லை. பழைய குழல் விளக்குகளைக் கழற்றி எல்இடி மாட்டிய பிறகு அவை எல்லாவற்றையும் ஒரே கணத்தில் அணைத்துப் போட்டதே அன்றுதான். ஒரு சர்க்கிட்டின் கான்டாக்டருக்குள் (பல விளக்குகளை ஒன்றாக இயக்கும் மின்காந்த சுவிட்ச்) தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. இரவு 11:40-க்கு வந்த வயர்மேனுக்கு 350, கான்டாக்டரை மாற்ற 420. தொடக்க இழுப்பைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை எம்சிபி போட்டால் தீரும் என்று சிலர் சொல்வார்கள்; சில இடங்களில் தீரும். ஆனால் அதை வயர்மேன் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கையோடு செய்யக்கூடியது, இருபது டியூபுக்கு மேல் ஒரே நேரத்தில் ஏற்றாமல் பிரித்து ஏற்றுவது.

விளையாட்டுத் தளத்தின் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் பயமுறுத்தின. அணைத்ததும் உடனே போட்டால் அவை எரியாது. உள்ளே வாயு சூடாக, அழுத்தத்தோடு இருக்கும். ஆறினால்தான் மறுபடி பற்றும். பற்றிய பிறகும் முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் ஆகும். எங்களுடையவை ஒரு மணி நேரம் ஆறியிருந்தும், மெயினை நான்கு தடவை ஏற்றி இறக்கியதில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. அதில் இன்னும் ஒரு கால் மணி நேரம் தளம் இருட்டு. இந்த வகை விளக்கு இருந்தால் ஒருமுறை அணைத்து, ஒருமுறை மட்டும் போடுங்கள்.

அடுத்த நான்கு நாள் யாருக்கும் புரியாத ஒன்று நடந்தது. தோட்டத்து விளக்குகள் 7 மணிக்குப் பதில் 8 மணிக்கு எரிந்தன. உள்ளே மோட்டார் சுழலும் பழைய டைமர், பேட்டரி இல்லை. ஒரு மணி நேரம் கரண்டு இல்லாததால் அதன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கிவிட்டது. இருட்டிய பிறகு நடைப்பயிற்சிக்குப் போன அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. முடிந்தவுடன் எல்லா டைமரையும் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய அடி பில்லில் வந்தது. எங்கள் பொதுப்பகுதி மீட்டர் நடுத்தர மின்னழுத்த வணிகக் கட்டணத்தில், அதாவது சி1-இல் இருந்தது. அந்த வகையில் அப்போது யூனிட்டுக்கு 36.5 சென் கட்டுவதோடு வேலை முடியவில்லை. மாதத்தின் உச்சத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 30.30 ரிங்கிட் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. மாதம் முழுக்க எந்த அரை மணி நேரத்தில் அதிகமாக எடுத்தோமோ, அந்த யூனிட்டின் இரு மடங்குதான் உச்சத் தேவை. பிப்ரவரியில் 142 கிலோவாட். மார்ச்சில் 171. மீட்டரின் அரைமணிப் பதிவை வாங்கிப் பார்த்தபோது அந்த 171 விழுந்த இடம், மார்ச் 23 இரவு 9:30 முதல் 10 வரை. ஒரு மணி நேரம் பம்பு ஓடாததால் கூரைத் தொட்டி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. வழக்கமாக மாறி மாறி ஓடும் 15 கிலோவாட் பம்புகள் இரண்டும் சேர்ந்து ஓடின. சூடேறிக் கிடந்த ஜிம் ஏர்கான், விசிறிகள், குளப் பம்பு எல்லாம் அதே அரை மணிக்குள். 29 கிலோவாட் கூடுதல், 878 ரிங்கிட் 70 சென். நாங்கள் மிச்சப்படுத்த நினைத்த 11.6 யூனிட்டின் விலையோ 4 ரிங்கிட் 23 சென். இந்தக் கணக்கைக் கமிட்டியின் முன் வாசித்தபோது குரல் நடுங்கியது. 2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறியிருக்கிறது. உங்கள் பில்லில் உச்சத் தேவை எந்தத் தலைப்பில், என்ன வீதத்தில் வருகிறது என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபத்தில் 150 சின்ன மெழுகுவர்த்திகளால் '60' என்று எழுதினோம், படம் அழகாக வந்தது. கணக்குப் போட்டால் மனம் வலிக்கும். கடை மெழுகு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. சின்ன வட்ட மெழுகுவர்த்தி மணிக்குச் சுமார் 3 கிராம் எரிந்து, 9 கிராமுக்கு மேல் கரியமிலவாயுவை வெளிவிடும். நம் தீபகற்பத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் கொண்டு பெருமளவு தயாராகும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு முக்கால் கிலோ என்று வைத்தாலும், 9 வாட் எல்இடி விளக்கு ஒரு மணி நேரத்துக்கு 7 கிராமைத் தாண்டாது. விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது பூமிக்குப் பாரத்தைக் கூட்டுகிறது. பிள்ளைகளிடம் ஒரு டார்ச்சைக் கொடுங்கள். அன்று பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு. நிலாவே போதுமாக இருந்திருக்கும்.

வீடுகளுக்கும் இதே விதிதான். வீட்டு டிபியின் மெயினை இறக்காதீர்கள். மீன் தொட்டியின் காற்றுப் பம்பு நிற்கும், மருத்துவக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து. பிரிட்ஜை அணைத்த சூட்டில் போட்டால் கம்ப்ரஸர் திணறும். விளக்கு சுவிட்சை மட்டும் அணையுங்கள்.

2025 மார்ச் 22-க்கு மீண்டும் செய்தோம். கமிட்டியில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. எழுதிய திட்டத்தைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே வயர்மேனோடு ஒவ்வொரு எம்சிபியையும் பகலில் இறக்கிப் பார்த்து, எது அணைகிறது என்று புதிதாக லேபிள் ஒட்டினோம். ஒரு முழு நாள் வேலை. பச்சை ஸ்டிக்கர் அணைக்கலாம், சிவப்பு தொடாதே. பச்சையில் வந்தவை முகப்பு 3.2, எல்இடிக்கு மாறிய விளையாட்டுத் தளம் 0.6, நடைபாதை தவிர்த்த தோட்டம் 0.3, வரவேற்பறை அலங்கார விளக்கு 0.5, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தனி சர்க்கிட்டில் இருந்த வராந்தா விளக்குகளில் பாதி 1.5. ஆக 6.1 கிலோவாட். வராந்தாவின் அவசர விளக்குகள் அணையாத பாதியின் சர்க்கிட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொண்டோம். பத்து நிமிட ஒத்திகை ஒரு செவ்வாய்க்கிழமை இரவு நடந்தது. அதில்தான் தபால் பெட்டிப் பக்கம் இருட்டாவது தெரிந்தது. அதைச் சிவப்புக்கு மாற்றினோம். வாசல் படியின் விளிம்பில் ஒளிரும் பட்டை ஒட்டினோம்.

அன்று 8 மணிக்குள் கூரைத் தொட்டி நிரம்பியதைப் பார்த்தோம். 8:26-க்கு முகப்பு, பிறகு நிமிடத்துக்கு ஒன்றாக மற்றவை, 8:30-க்கு வராந்தா. திரும்பப் போடும்போது 9:30-க்கு வராந்தா, 9:34-க்கு வரவேற்பறை, 9:38-க்குத் தோட்டம். பம்பும் ஏர்கானும் நிற்கவே இல்லாததால் பில்லில் உச்சத் தேவை அசையவில்லை. யாரும் விழவில்லை. அந்தப் பாட்டி நாற்காலி போட்டு மாடித் தோட்டத்தில் தாத்தாவோடு உட்கார்ந்திருந்தார்.

முகப்பு விளக்குகளை மட்டும் திங்கட்கிழமை வரை போடாமல் விட்டுப் பார்த்தோம். ஒரு புகாரும் வரவில்லை. மாலை 7 முதல் காலை 7 வரை எரிந்துகொண்டிருந்ததை நள்ளிரவு 12-க்கு அணையும்படி கமிட்டி மாற்றியது. 3.2 கிலோவாட், நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 8,176 யூனிட். அன்றைய வீதத்தில் 2,984 ரிங்கிட், ஏறக்குறைய ஆறு டன் கரியமிலவாயு. டைமரில் அணைக்கும் முள்ளை நகர்த்த வயர்மேனுக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. அதை நீங்களே செய்யப் போகாதீர்கள். அந்த மூடிக்குள் 230 வோல்ட் இருக்கிறது.